நூல் கடித்த பல்

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் என் முட்டிவலியும் ஒருவரை ஒருவர் அனுசரித்துப் போய்க்கொண்டிருக்கிறோம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், உன் மகள் நம் வாயாடி, நூல் வெட்டு விழுந்த உன் முன்பல், நாலு பேரும் சுகம்தானா? பல் இன்னும் கூசுகிறதா? நூலைப் பல்லால் கடிக்காதே, கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது என்று உன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கத்துகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்த வாரம் முழுக்க எனக்கு வயிறு எரிகிறது. கேள். எங்கள் அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் திறக்கப் போகிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் ஊரைத் தோண்டி எடுத்த சாமான்கள். தீப்பிடித்து விழுந்த ஒரு வீட்டில், ஒரே அறையில், நாற்பத்திரண்டு களிமண் உருண்டைகள் கிடைத்தன. உள்ளங்கை அளவு, தலைப்பக்கம் ஒரு துளை. படம் வரைவது என் வேலை என்பதால் அவை என் மேஜைக்கு வந்தன. கூடவே பெரிய காப்பாளர் எழுதிய அட்டையும் வந்தது. எழுத்து மாறாமல் தருகிறேன்: "வலை எடைகள். இந்நகர ஆண்கள் மீன் பிடித்து ஊரை வளப்படுத்தினர். பெண்கள் வீட்டில் இருந்தனர்."

இருந்தனர்! சுவரில் பல்லி இருக்கிறதே, அந்த மாதிரி இருந்தார்களாம்.

"சார், ஆறு அரைநாள் நடையில இருக்கு. வலையை ஏன் வீட்டு உள்ளறையில வெக்கணும்?" என்று கேட்டேன். "எடைன்னா வலைக்குத்தாம்மா. வேற எதுக்கு? நீங்க படத்தைப் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓர் உருண்டையை அளவு மாறாமல் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. தறியில் இப்போது என்ன ஓடுகிறது? அந்த மாதுளை நிறக் கம்பளம் முடிந்ததா?

என்றும் உன் நினைவாக,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். வாயாடி வகுப்பில் பேசியதற்காக இரண்டு தடவை வெளியே நிறுத்தப்பட்டாள். உன் முட்டிக்கு ஒத்தடம் கொடு. போன் போடலாமே என்று கேட்பாய். போன் இவருடைய கம்பளக் கடை மேஜையில், இவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிதமே நல்லது. கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மறந்துவிட்டாயா? அம்மா ஜன்னல் கம்பியில் பாவு நூலைக் கட்டி, நூல் விறைப்பாக நிற்கக் கீழே கல்லைத் தொங்கவிட்டு நாடா நெய்வாளே. நீ அந்தக் கல்லில் ஒன்றை எடுத்து மாங்காய் அடித்துவிட்டு உதை வாங்கினாய். அதே சங்கதிதான் இது. சட்டத்தில் நூலைத் தொங்கவிட்டு நுனியில் எடை கட்டுவார்கள். மேலிருந்து கீழே நெய்து வருவார்கள்.

நான் சொன்னால் உன் காப்பாளர் கேட்பாரா? நீ இப்படிச் செய். ஒன்று, எல்லாவற்றையும் தராசில் வை. வலைக்கு முன்னே பின்னே இருக்கலாம். தறிக்கு எடை ஒன்று போல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி கோணிக்கொள்ளும். இரண்டு, தரையில் எப்படிக் கிடந்தன என்று கேள். மூன்றாவதாக ஒன்று கேட்க வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு படித்தவர்களிடம். இவை சுட்ட மண்ணா, பச்சை மண்ணா? பச்சை மண் என்றால் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் அக்கா?

இங்கே தறி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வேறு விசேஷமில்லை.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 12

என் கெட்டிக்காரிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பல் கூசினாலும் பரவாயில்லை.

தராசில் வைத்தேன். முழுசாக இருந்த முப்பத்தெட்டில் முப்பத்தைந்து அச்சில் வார்த்த மாதிரி ஒரே எடை. தோண்டியவர்களின் குறிப்பேட்டைத் தேடினேன். "இரண்டு வரிசையாகக் கிடந்தன" என்று ஒரு வரி, அதன் மேல் டீக்கறை. தறியில் நூல் தொங்கிக்கொண்டிருந்தபோதே நெருப்புப் பிடித்திருக்கிறது. நூல் எரிந்து, எடைகள் நின்ற நிலையில் விழுந்திருக்கின்றன. இத்தனை வருஷம் அந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை.

மண்ணும் பச்சை மண்தான். தீ பட்ட பக்கத்தில் கிடந்தவை மட்டும் சுட்டிருக்கின்றன, மூலையில் கிடந்தவை அப்படியே இருக்கின்றன. ஏற்கெனவே உடைந்த ஒன்றிலிருந்து தட்டில் உதிர்ந்த துணுக்கை எடுத்தேன். காப்பாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துத் துணுக்கைப் போட்டேன். அவர் டீ முடிவதற்குள் தம்ளரில் சேறுதான் இருந்தது.

"இந்த எடையைக் கட்டி என்ன சார் மீன் பிடிச்சாங்க?" என்றேன். அவர் தம்ளரை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு, "அட்டையை மாத்தி எழுதறேன்" என்றார். மனுஷர் தங்கம் என்று நினைத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொன்னேன். கம்பளம் நெய்கிற என் தங்கை கண்டுபிடித்தது என்று. "ஓ, வீட்ல பொழுதுபோக்கா செய்வாங்களா?" என்றார். தங்கத்தில் செம்பு கொஞ்சம் அதிகம்தான்.

மாதுளை நிறக் கம்பளம் என்ன ஆயிற்று? போன தடவை கேட்டதற்குப் பதிலில்லை.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீட்டில் வேலை. எல்லோரும் நலம். நீ ஜெயித்ததில் சந்தோஷம். வாயாடியிடம் சொன்னேன், பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இவர் இப்போது மிகவும் அன்பாக இருக்கிறார். "கடைக்கு வர்றவங்க முன்னாடி சிரிக்கறே, அந்தப் பல்லு அசிங்கமாத் தெரியுது. நானே கூட்டிட்டுப் போய் அடைச்சு விடறேன்" என்கிறார். ஏப்ரல் 24-ஆம் தேதி பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். பதினாறு வருஷத்தில் எனக்கு ஜுரம் வந்தபோதுகூட அவர் கடையைப் பூட்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மார்ச் 28

சின்னவளே,

நலம் விசாரிக்கும் பொறுமை எனக்கு இன்றைக்கு இல்லை. கூடம் திறந்துவிட்டார்கள். புது அட்டையைப் படி:

"தறி எடைகள். நெசவே இந்நகரின் செல்வத்துக்கு அடிப்படை. ஆண்கள் இக்கலையில் பெருந்தேர்ச்சி பெற்றிருந்தனர். பெண்கள் உதவியாக இருந்தனர்."

படித்தாயா? மீன்தான் செல்வம் என்றபோது மீன் பிடித்தது ஆண். மீன் இல்லை, துணிதான் என்று தெரிந்ததும் ஒரே ராத்திரியில் அத்தனை ஆண்களும் வலையை வீசி எறிந்துவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண் மட்டும் இரண்டு அட்டையிலும் இருந்தாள், இருந்தாள், இருந்துகொண்டே இருந்தாள்! நேராகப் போய்க் கேட்டேன். "எதை வெச்சு சார் ஆம்பளைன்னு எழுதினீங்க?" அவர் சிரித்தார். "இவ்வளவு முக்கியமான தொழில்மா. வேற யார் செஞ்சிருப்பாங்க? பொம்பளைங்கதான்னு சொல்ல ஆதாரம் இருந்தா கொண்டாங்க." ஆணுக்கு ஆதாரம் வேண்டாமாம், பெண்ணுக்கு வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். மூன்று கடிதங்களாகத் தறியைப் பற்றிக் கேட்கிறேன். சுண்ணாம்பு என்கிறாய், பல் டாக்டர் என்கிறாய். கம்பளம் நெய்கிற அறைக்கு யாராவது தறியை வைத்துக்கொண்டே சுண்ணாம்பு அடிப்பார்களா? உன் கடிதத்தில் ஒரு கம்பளி இழைகூட ஒட்டிக்கொண்டு வரவில்லை. முன்பெல்லாம் உறையைப் பிரித்தால் சிவப்பும் நீலமுமாகப் பறக்கும். தறி எங்கே?

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

உன்னிடம் மறைக்க முடியாது என்று தெரியும். வெட்கத்தில்தான் எழுதவில்லை.

நவம்பரில் கடைக்கு வெளியூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மாதுளை நிறக் கம்பளம் அப்போதுதான் தறியிலிருந்து இறங்கியிருந்தது. ஒன்பது மாத வேலை. அந்த அம்மா முழங்கால் போட்டு உட்கார்ந்து, அதைத் திருப்பி முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, "யார் நெய்தது இது?" என்று கேட்டார். நான் டீத் தட்டோடு பக்கத்தில் நிற்கிறேன். இவர் என்னைப் பார்த்தார், பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "நான்தான்" என்றார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை அக்கா. தட்டைக் கீழே போடாமல் கொண்டுபோய் வைத்தேன், அதுவே பெரிது.

மறுநாள் நெசவாளர் சங்கத்தில் என் பெயரில் மனு கொடுத்தேன். பத்து வருஷம் நெய்தவர் என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் அவர்கள் கொட்டகையில் எனக்கென்று ஒரு தறி கிடைக்கும், என் கம்பளத்தில் என் பெயர் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றார்கள். அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால் இவரும் கொழுந்தனும் தறியைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். தரையில் போல்ட்டு இருந்த குழியை அடைத்து, சுண்ணாம்பு அடித்து, இரண்டு நாற்காலி போட்டார்கள். வந்தவரிடம் இவர், "ஏதோ நான் கத்துக்குடுத்து ஒண்ணு ரெண்டு முடிச்சு போடுவா. பொழுதுபோக்கு சார். வீட்லதான் இருக்கா" என்றார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து "தறி இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.

நெய்து காட்டுகிறேன் என்றேன். நெய்யத் தெரிகிறதா என்பது கேள்வியில்லையாம், பத்து வருஷம் நெய்தேனா என்பதுதான் கேள்வியாம். தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாதிப் பேருக்குக் கடையில்தான் பிழைப்பு. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுபரிசீலனைக்கு மே 6 கடைசி. அன்றைக்கு ஆதாரம் இல்லையென்றால் மனு குப்பைக்குப் போகும், மறுபடி கொடுக்க முடியாது.

உன் காப்பாளர் உன்னிடம் ஆதாரம் கேட்டதைப் படித்தபோது இவர் குரல் மாதிரியே காதில் விழுந்தது. நம் இருவருக்கும் ஒரே கதி. விடு. பல்லாவது சரியாகட்டும்.

தங்கை


ஏப்ரல் 15

சின்னவளே,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படி. முதல் காரியம்: பல் டாக்டரிடம் போகாதே. போனாலும் பல்லைத் தொட விடாதே. அழுதாவது, ஆர்ப்பாட்டம் பண்ணியாவது தடுத்துவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டியதை எழுதினால் தபால்காரர் கை வெந்துவிடும். அதனால் ஆதாரத்தைத் தேடினேன். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் எலும்பு பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். கிடைக்கிற எலும்புக்கூடு ஆணா பெண்ணா, வயதென்ன என்று சொல்வது அவர் வேலை. அந்த எரிந்த வீட்டின் பின்புறம் புதைத்திருந்தவர்களின் பெட்டிகளைக் கேட்டேன். "படம் போடவா?" என்றார். "இல்லம்மா, சண்டை போட" என்றேன். திறந்து கொடுத்தார்.

பதினொரு பேர். ஏழு பெண்கள், நாலு ஆண்கள். மூன்றாவது மண்டையோட்டைத் திருப்பினேன். மேல்வரிசை முன்பல்லின் நுனியில் ஒரு வெட்டு, நூல் போகிற அளவுக்கு. உன் பல்லடி அது! அப்படியே உன் பல். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாக்டரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஏழு பெண்களில் ஐந்து பேருக்கு அந்த வெட்டு இருக்கிறது. நாலு ஆண்களில் ஒருவருக்கும் இல்லை. டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். "நூலை இழுத்து இழுத்துக் கடிச்சு விழுந்த வெட்டுதான். நகம் கடிச்சா இப்படி வராது. ஒரு நாள்ல, ஒரு வருஷத்துல வர்றதும் இல்ல. பத்துப் பதினஞ்சு வருஷம் தினம் செஞ்சிருக்கணும்" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதையும், நான் ஐந்து மடங்கு பெரிதாக வரைந்த பல்லின் படத்தையும் இதில் வைத்திருக்கிறேன்.

அறையைக் காலி பண்ணலாம், குழியை அடைக்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். உன் வாய்க்குள் இருக்கிற பதினாறு வருஷத்தை அடைக்க அவருக்கு ஒரு டாக்டர் வேண்டும். நீ இடம் கொடுக்காதே.

அக்கா


ஏப்ரல் 29

சின்னவளே,

24 போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் கிடைத்ததா? அவர் கையில் சிக்கிவிட்டதா? பல் இருக்கிறதா?

இங்கே டாக்டரம்மா தன் அறிக்கையைக் காப்பாளர் மேஜையில் வைத்தார். அவர் படித்துவிட்டு, "ஒரு பல்லை வெச்சு முடிவு பண்ண முடியுமா? குழு கூடட்டும்" என்றார். முதல் அட்டைக்கும் இரண்டாவது அட்டைக்கும் எந்தக் குழு கூடிற்று என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பார்வையாளர்கள் இருந்தார்களாம். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அட்டையைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அங்கே நாலு ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன.

ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் முட்டிவலியோடு பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அக்கா


மே 8

என் அக்காவுக்கு,

பல் இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே கடிதமாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுக்கவில்லை. உன்னைத் தவிக்கவிட்டதற்குக் காலைத் தொட்டுக் கேட்கிறேன், மன்னித்துவிடு.

உன் கடிதம் 22-ஆம் தேதி என் கையிலேயே கிடைத்தது. 24-ஆம் தேதி இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் "வாயைத் திறங்க" என்றார். நான் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன். இவர், "திறம்மா" என்றார். திறக்கவில்லை. "என்ன பயம்? கொஞ்சம் திறயேன்" என்று கெஞ்சினார். பதினாறு வருஷமாக "வாயை மூடு" என்று மட்டுமே சொன்னவர், அக்கா! டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவருக்குத் தெரிந்துதான் பல்லை அடைக்கப் பார்த்தாரா, நிஜமாகவே அசிங்கம் என்று நினைத்தாரா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

மே 6. சங்கத்தின் கூடம். நீளமேஜைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் பதிவேட்டோடு ஒரு எழுத்தர். தலைவர் கிழவர், அவரே நெசவாளர். இவர் வந்து அதே பாட்டைப் பாடினார். பொழுதுபோக்கு, நான் கத்துக்குடுத்தேன், வீட்லதான் இருக்கா. என்னிடம், "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். "இருக்குங்கய்யா" என்று உன் படத்தையும் டாக்டரம்மா எழுதியதையும் வைத்தேன். மூவாயிரம் வருஷத்துப் பல் என்றதும் இருவர் சிரித்தார்கள். "பெரிய வழக்குதான்" என்று ஒருவர் கிண்டல் பண்ணினார்.

தலைவர் சிரிக்கவில்லை. படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் மேலுதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன். நாக்கால் தன் முன்பல்லைத் தடவிக்கொண்டிருந்தார். பேச வாயெடுத்ததும் தெரிந்தது, அவருக்கும் இருக்கிறது அக்கா, அதே வெட்டு! "வாயைத் திறங்கம்மா" என்றார்.

திறந்தேன். மேஜையைச் சுற்றி வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இவ்வளவு பேர் முன்னால் வாயைப் பிளந்து நிற்க எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. பிறகு அவர் திரும்பி, "நீங்க திறங்க தம்பி" என்றார்.

இவர், "நான் கத்தரிக்கோல்தான் வெச்சுப்பேன்" என்றார். "பரவால்ல, திறங்க."

உனக்குத் தெரியுமே இவர் பல்வரிசை. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. தலைவர் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எவ்வளவு வருஷமா நெய்யறீங்க?" என்று கேட்டார். இவர் இருபது என்றார். "ரெண்டு கையும் முடிச்சுல இருக்கறப்போ கத்தரிக்கோலை எந்தக் கையில புடிச்சீங்க?" என்றார் கிழவர். கூடத்தில் முதலில் சிரித்த இருவரும் இப்போது மறுபடி சிரித்தார்கள், வேறு பக்கம் பார்த்து.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். "நெசவாளர் பெயர்" என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார். எனக்குக் கண் மறைத்தது. அதன் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது: "வீட்டில் இருப்பவர்". அதில் மனைவி பெயரை எழுதுவது வழக்கமாம். எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு முழித்தார்.

"என் வீட்டுக்காரர் பேரைப் போடுங்க" என்றேன். "வீட்லதான் இருக்காரு."

போட்டார்கள் அக்கா.

கொட்டகையில் எனக்கு ஜன்னல் ஓரத் தறி. நாளைக்குப் பாவு ஓட்டுகிறேன். வீட்டில் இரண்டு நாளாக யாரும் யாரிடமும் பேசவில்லை, வாயாடி மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறாள். மேலே எப்படிப் போகும் என்று தெரியாது. போகட்டும், பார்க்கலாம்.

உன்னிடம் விளக்கம் கேட்டார்களே, என்னைக் கூப்பிடு. நான் வந்து அந்த நாலு ஆணித் துளைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து காட்டுகிறேன். உன் முட்டிக்கு ஒத்தடம் கொடு. என் பல் கூசத்தான் செய்கிறது, கூசட்டும். உறையைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி. ஒரு சிவப்பு இழை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை,
நெசவாளர்